‘நம்மிடம் திருட என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் தோழர்களுக்கு

வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை வந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். குறைதீர்வு நாள். செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம், போளூர் என்று நாலு பக்கத்திலிருந்தும் விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருப்பார்கள். பட்டா, பாதை, சுடுகாடு, சாதிச் சான்றிதழ், வன்கொடுமைப் புகார். கையில் ஒரு பை, அதற்குள் மனு, மனுவோடு ஆதார் நகல். உள்ளே போவதற்கு முன் பலர் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

சில மாதங்களுக்கு முன் நானும் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்தேன். ஒரு வன்கொடுமைப் புகாரை அச்சடிக்க வேண்டியிருந்தது. மெயிலில் இருந்து இறக்கிய கோப்பைத் தேடி ‘டவுன்லோட்ஸ்’ பகுதியைத் திறந்தேன். போன வாரம் நம் தோழர் ஒருவர் அச்சடித்துவிட்டுப் போன மனு அங்கேயே கிடந்தது. புகார் கொடுத்த பெண்ணின் பெயர், அப்பா பெயர், தெரு, செல்போன் எண், கீழே மூன்று சாட்சிகளின் பெயர்கள். அதற்குப் பக்கத்தில் யாருடைய சாதிச் சான்றிதழோ, யாருடைய பேங்க் பாஸ்புக்கோ. பிரவுசரில் முன்பின் தெரியாத ஒருவரின் வாட்ஸ்அப் இன்னும் திறந்தே இருந்தது.

எல்லாவற்றையும் அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. திங்கட்கிழமை அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. எனக்கு உறைத்தது வேறு. எனக்கு அரைமணி நேரம் முன்பு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்? அந்தப் பெண்ணின் ஊரிலிருந்து எதிர்மனு கொடுக்க வந்தவராக இருந்தால்? ஆட்சியரின் பார்வைக்குப் போவதற்கு முன்பே மனு எதிராளியின் கைக்குப் போயிருக்கும். சாட்சிகள் மூவரின் வீட்டு வாசலிலும் அன்று மாலையே ஆள் நின்றிருக்கும்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். ஒரு தோழர் சிரித்தார். “நம்மகிட்ட திருட என்ன தோழர் இருக்கு? பேங்க்ல இருநூறு ரூபா. எடுத்துக்கட்டும்.” எல்லோரும் சிரித்தார்கள். இந்தப் பதிவு அந்தச் சிரிப்புக்கான பதில்.

நம்மிடம் இருப்பது என்ன?

கல்லூரிக்கு வந்து ‘சைபர் விழிப்புணர்வு’ வகுப்பு எடுப்பவர்கள் பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். ஓடிபி சொல்லாதே, லிங்கைத் தொடாதே, பணம் போனால் 1930-க்கு அழை. சரிதான், அதுவும் தேவை. உதவித்தொகை வந்திருக்கிறது என்று போன் செய்து ஏமாற்றுகிறவன் முதல் தலைமுறை மாணவரைத்தான் தேடுகிறான். ஆனால் நம்மிடம் இருப்பது பணம் மட்டுமா?

நம்மிடம் சாட்சியின் பெயர் இருக்கிறது. சாதி மீறி மணந்து எங்கோ தங்கியிருக்கும் இணையரின் முகவரி இருக்கிறது. 2023 ஜனவரி 30-இல் தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பத்தில். அந்தப் படங்களை நாம் பெருமையோடு பகிர்ந்தோம். படத்தில் முகம் தெரிகிற பெண்கள் மறுநாள் அதே ஊரில் கடைக்குப் போக வேண்டியவர்கள், அதே நிலத்தில் கூலிக்கு நிற்க வேண்டியவர்கள். பகிர்வதற்கு முன் அவர்களைக் கேட்டோமா?

எல்லாவற்றுக்கும் மேலாக நம்மிடம் ஆதாரம் இருக்கிறது. கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூன் 23-இல் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து அவரை அழைத்துப் போனார்கள். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல். சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். அன்று அவரோடு கோயிலுக்கு வந்த தோழியே, 2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் அழைத்து வீடியோவைப் போட்டுக் காட்டியபோது, அதில் இருப்பது தான் இல்லை என்றார். பிறழாமல் நின்றது கோயிலின் சிசிடிவி பதிவு. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தபோதும், 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் அந்தப் பதிவு முக்கியச் சான்றாக நின்றது. மனிதரை மிரட்டலாம், விலை பேசலாம். ஒழுங்காகப் பாதுகாத்த ஹார்ட் டிஸ்க்கை அப்படிச் செய்ய முடியாது. அழித்தால்தான் உண்டு. அந்தப் பதிவு அழிந்திருந்தால் வழக்கு எந்தக் கதிக்கு ஆளாகியிருக்கும் என்று யோசியுங்கள். பிறகு, அடித்தபோது எடுத்த வீடியோவை ஒரே ஒரு தோழரின் உடைந்த போனில் வைத்திருக்கும் நம் நிலையை யோசியுங்கள்.

உள்ளே இருப்பவர் யார்?

கணினிப் பாதுகாப்புப் பாடத்தில் ஆபத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். வெளியிலிருந்து வருபவன் ஹேக்கர். உள்ளிருந்து வருபவன், சாவியைக் கையில் வைத்திருக்கும் ஊழியன். பாடப்புத்தகம் அந்த ஊழியனுக்குச் சாதி எழுதாது. நாம் எழுதித்தான் ஆக வேண்டும். சேரியில் பிறந்தவருக்கு அலுவலகத்தின் ‘உள்ளே’ என்பது பெரும்பாலும் ஊரின் நீட்சி. நம் சான்றிதழும் நிலக் கணக்கும் புகாரும் இருக்கிற கணினிகளுக்கு லாகின் வைத்திருப்பவர் யார், அவருக்கு மாமன் மச்சான் யார் என்ற கேள்வி நமக்கு உயிர்க் கேள்வி.

சில நேரம் லாகினும் வேண்டியதில்லை, அரசே கதவைத் திறந்து வைக்கும். சிறப்புத் திருமணச் சட்டம் 1954, மணமக்களின் பெயர் விவரங்களோடு 30 நாள் அறிவிப்பை ஒட்டச் சொல்கிறது. கேரளத்தில் அந்த அறிவிப்புகளைப் பதிவுத்துறை தன் இணையதளத்திலேயே போட்டது. மதவெறிக் கும்பல்கள் அவற்றை இறக்கி, போட்டோவும் முகவரியுமாக வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டன. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், 2020 ஜூலையில், இணையத்தில் போடுவதை நிறுத்தினார்கள். அங்கே யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. விதிப்படி நடந்த கசிவு அது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2020-லேயே சைபர் பாதுகாப்புக் கொள்கை வெளியிட்ட மாநிலம் இது. 2021-இல் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் ஏறக்குறைய 50 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண் உட்பட, ஹேக்கர்கள் புழங்கும் தளத்தில் கிடப்பதாகப் பெங்களூரைச் சேர்ந்த ஒரு சைபர் நிறுவனம் சொன்னது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியார் நுழைந்தார்கள். ஒரு நிர்வாகக் கணக்கின் பாஸ்வேர்டு போய்விட்டது என்று காவல்துறையே ஒப்புக்கொண்டது. நம் முகத்தை நம்மைக் கேட்காமல் எடுத்துச் சேமிக்கிறவர்களால் ஒரு பாஸ்வேர்டைக் காக்க முடியவில்லை.

2023 பிப்ரவரியில் நம் மாவட்டத்தில் ஒரே இரவில் நான்கு ஏடிஎம்களை வெட்டி 70 லட்சத்துக்கு மேல் கொள்ளையடித்தார்கள். தனிப்படைகள் ஹரியானா வரை போய் ஆட்களைப் பிடித்து வந்தன. பிடிக்க வேண்டியதுதான். ஆனால் ரேஷன் அட்டைக்காரரின் ஆதார் எண்ணுக்குத் தனிப்படை எங்கே? பேங்க் பணத்துக்கு ஒரு வேகம், குடிசைக்காரரின் விவரத்துக்கு ஒரு வேகம்.

கேட்டால் முதலில் மறுப்பார்கள். 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் உளவு மென்பொருள் புகுந்ததாகச் செய்தி வந்தபோது, அது சாத்தியமே இல்லை என்று நிலையத்தின் தரப்பில் அறிக்கை விட்டார்கள். அடுத்த நாளே அணுமின் கழகம் ஒரு நிர்வாகக் கணினியில் அது இருந்ததை ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு பாதிப்பில்லை என்றும் சொன்னது. அதைப் பற்றிய தகவல் செப்டம்பர் தொடக்கத்திலேயே வந்திருந்தது. அணு உலைக்கே இந்தப் பதில் என்றால் நம் சாதிச் சான்றிதழுக்கு என்ன பதில் கிடைக்கும்?

எடுப்பது மட்டுமல்ல, வைப்பதும்

இனி அந்தத் தோழரின் கேள்விக்கு நேராக வருகிறேன். திருட ஒன்றுமில்லாதவரின் கணினியிலும் வைப்பதற்கு இடமிருக்கிறது.

பீமா கோரேகான் வழக்கு தெரியாமல் இன்று யாரும் இயக்க வேலை செய்யக் கூடாது. 1818-இல் மகர் வீரர்கள் போரிட்டு விழுந்த இடத்தில், 200-ஆம் ஆண்டு நினைவுக்குக் கூடிய தலித் மக்கள் மேல் 2018 ஜனவரி 1-இல் வன்முறை ஏவப்பட்டது. அதைத் தொடர்ந்து கைதானவர்களோ எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள். தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங், தலித் செயற்பாட்டாளர் சுதீர் தாவளே, அம்பேத்கர் குடும்பத்து மருமகன் ஆனந்த் டெல்டும்ப்டே, ரோனா வில்சன் எனப் பதினாறு பேர். முக்கிய ஆதாரம் என்று காட்டப்பட்டவை அவர்களுடைய கணினிகளில் இருந்த கடிதங்கள்.

அந்த ஹார்ட் டிஸ்க்கின் நகலை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் ஆராய்ந்தது. 2021 பிப்ரவரியில் வெளிவந்த அதன் அறிக்கை சொன்னது இது. 2016 ஜூன் 13 அன்று வில்சனுக்கு ஒரு மெயில் வந்தது. வந்தது அவருக்குத் தெரிந்த தோழரான வரவர ராவின் கணக்கிலிருந்து. அதிலிருந்த கோப்பைத் திறந்ததும் நெட்வயர் என்ற மென்பொருள் உள்ளே இறங்கியது. அப்போது காசு கொடுத்தால் யாரும் வாங்கக்கூடியதாக இருந்த சரக்கு அது. எங்கோ உட்கார்ந்திருப்பவர் நம் கணினியைத் தன் கணினி போல இயக்கலாம். 22 மாதம் அது உள்ளேயே இருந்தது. மறைவான ஒரு ஃபோல்டரை உருவாக்கி, குற்றம் சாட்டப் பயன்பட்ட கடிதங்களை ஒவ்வொன்றாக அதில் வைத்தார்கள். அந்தக் கோப்புகளை அந்தக் கணினியில் யாரும் ஒருமுறைகூடத் திறந்ததற்குத் தடயம் இல்லை. அவை உருவான வேர்டு மென்பொருளின் பதிப்பு வில்சனின் கணினியில் இருந்ததே இல்லை.

ஸ்டேன் சுவாமி நம்மவர். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். அவர் கணினியில் 2014-லிருந்து 2019 வரை ஆள் புகுந்திருந்ததாகவும் 44 ஆவணங்கள் வைக்கப்பட்டதாகவும் அதே நிறுவனம் 2022 டிசம்பரில் சொன்னது. 2019 ஜூன் 12-இல் போலீஸ் சோதனைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள், ஜூன் 11-இல், புகுந்தவர்கள் தங்கள் தடயத்தைத் துடைக்கும் வேலையைச் செய்தார்கள் என்கிறது அறிக்கை. சோதனை மறுநாள் வரப்போகிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது? பார்க்கின்சன் நோயில் கை நடுங்கியவர், உறிஞ்சு குழல் வைத்த குவளைக்குச் சிறையில் மனு போட வேண்டியிருந்தவர், 2021 ஜூலை 5-இல், 84 வயதில், பிணை கிடைக்காமலேயே இறந்தார். அந்த அறிக்கையைப் பார்க்க அவர் இல்லை.

தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. புணே தடயவியல் ஆய்வகத்தின் ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை என்பது அதன் வாதம். நான் கேட்பது எளிது: அப்படியானால் நீதிமன்ற மேற்பார்வையில் சுதந்திரமான ஆய்வுக்கு ஒத்துக்கொள்வதில் என்ன தயக்கம்? பெகாசஸ் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் குழு போட்டபோதும் ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் அந்த நீதிமன்றத்திலேயே பதிவானது. நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த நாட்டில் நம் கணினியும் நம் போனும் சேர்ந்ததுதானா, இல்லையா?

இரண்டு தப்பித்தல்கள்

இதைக் கேட்டதும் நம்மவர்கள் இரண்டு பக்கமாகத் தப்பிப்பார்கள். ஒருவர், “அவன்கிட்ட பெகாசஸ் இருக்கு, நாம என்ன பண்ணினாலும் வீண்” என்பார். அது வீரமாகத் தெரியும் சோம்பல். வில்சன் கணினிக்குள் புகுந்தது பெகாசஸ் இல்லை, கடைச்சரக்கு. திறந்தது ஒரு மெயில் இணைப்பு. நம் சாட்சியைத் தேடுகிற ஊர்க்காரனுக்குப் பெகாசஸ் வாங்க வழியில்லை, பிரவுசிங் சென்டர் போதும். அந்தக் கதவையாவது நாம் சாத்தலாமே.

இன்னொருவர், “அதெல்லாம் கம்ப்யூட்டர் தெரிஞ்ச தம்பி பாத்துக்குவாப்ல” என்பார். இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். எங்கள் குழுவின் ஜிமெயில், முகநூல் பக்கம், படங்கள் எல்லாம் ஒரே தோழரின் போனில் இருந்தன. மனக்கசப்பில் அவர் விலகியபோது எல்லாம் அவரோடு போயின. அவரைத் துரோகி என்று திட்டினோம். நான்கு ஆண்டு வேலைக்கு ஒரே சாவி செய்து ஒரே ஆளிடம் கொடுத்தது யார்? நாங்கள். உள்ளிருந்து வரும் ஆபத்தைப் பேசும்போது அரசு அலுவலகத்தை மட்டும் கைகாட்டினால் போதாது.

செய்ய வேண்டியவை

1. புகார் கொடுத்தவர், சாட்சி ஆகியோரின் பெயரும் எண்ணும் வாட்ஸ்அப் குழுவில் போகக் கூடாது. வழக்கறிஞருக்கும் பொறுப்பாளருக்கும் மட்டும்.

2. கடைக் கணினியில் வேலை முடிந்தால் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து, மெயிலிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியை வாரம் ஒருமுறை பாருங்கள். தெரியாத கணினி இருந்தால் உடனே நீக்குங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள்.

3. தோழரிடமிருந்தே வந்தாலும், எதிர்பாராத கோப்பைத் திறக்காதீர்கள். போன் செய்து “நீங்கதான் அனுப்பினீங்களா?” என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலை.

4. தாக்குதல் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். எடுத்த போனில் மூலம் அப்படியே இருக்கட்டும். இரண்டு தனித்தனி இடங்களில் நகல் வையுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதில் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி ஓர் எண். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். அதை எடுக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. கல்லூரியில் கணினி படிக்கும் தோழர்களே, இது உங்கள் வேலை.

5. போலீஸ் உங்கள் போனையோ கணினியையோ பறிமுதல் செய்தால், அந்த இடத்திலேயே ஹாஷ் மதிப்பையும் பட்டியலின் நகலையும் கேளுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 105-ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. எடுக்கவில்லை என்றால் வழக்கறிஞர் வழியாக எழுத்தில் பதிவு செய்யுங்கள். பீமா கோரேகானில் பறிமுதலின்போதே ஹாஷ் தரவில்லை என்று வழக்கறிஞர்கள் இன்றுவரை முறையிடுகிறார்கள்.

6. அமைப்பின் கணக்குகளுக்குக் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள். பொறுப்பு மாறினால் பாஸ்வேர்டும் மாற வேண்டும். தீர்மான நோட்டை ஒப்படைப்பது போல இதுவும் ஓர் ஒப்படைப்பு.

கேட்க வேண்டியவை

நாம் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று சொல்வது, அடிபட்டவரைப் பார்த்து ‘பார்த்துப் போயிருக்கலாமே’ என்று சொல்வது மாதிரி. அரசிடம் கேட்போம். என் சான்றிதழை, என் புகாரை, எந்த லாகின் எப்போது திறந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். மனு கொடுக்க வருபவர் கடையில் விவரத்தைக் கொட்டிவிட்டுப் போகாமல், ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே இலவசமாக எழுதவும் அச்சடிக்கவும் பாதுகாப்பான இடம் வேண்டும். பாஸ்வேர்டைக் காக்கத் தெரியாத முக அடையாளத் திட்டத்தை நிறுத்த வேண்டும்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டத்தையும் படியுங்கள். 17-ஆம் பிரிவு, ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கிறது. 44(3) பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, ‘தனிப்பட்ட தகவல்’ என்ற பெயரில் கேள்வியைத் தட்டிக்கழிக்க அதிகாரிக்கு வழி செய்கிறது. யார் பெயரில் வீடு ஒதுக்கினாய், யாருக்கு உதவித்தொகை கொடுத்தாய் என்று நாம் கேட்டால் அது தனிப்பட்ட தகவல். நம் கைரேகையும் முகமும் மட்டும் அவர்களுக்குப் பொதுச் சொத்து.

கூட்டத்தில் சிரித்த அந்தத் தோழர் பிறகு என்னோடு ஒருநாள் அந்தக் கடைக்கு வந்தார். ‘டவுன்லோட்ஸ்’ பகுதியைத் திறந்து காட்டினேன். மூன்றாவது கோப்பு அவருடைய தங்கையின் சாதிச் சான்றிதழ். அவர் சிரிக்கவில்லை. இப்போது திங்கட்கிழமைகளில் இருவரும் மனு கொடுக்க வருபவர்களோடு கடைக்குப் போகிறோம், அச்சடித்து முடிந்ததும் கோப்பை அழித்துவிட்டு வருகிறோம். இரண்டு பேர் போதவில்லை. கணினி தெரிந்தவர்கள் வாருங்கள். தெரியாதவர்களும் வாருங்கள், பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஜெய்பீம்.